சரக்கு கம்பெனி பெயரில், பாலிசி என் பெயரில்: அந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

மேசைவிளக்கு:

அனைவருக்கும் வணக்கம். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், தீ விபத்து கிளைம்களைப் பார்க்கும் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். இப்போது மாலை வகுப்பில் சட்டம் படிக்கிறேன். பொதுக் காப்பீட்டுச் சட்டம் இந்தப் பருவத்தில் ஒரு தாள். தினமும் கையில் புழங்குகிற விஷயம்தானே என்ற தைரியத்தில் விருப்பப் பாடமாக எடுத்தேன். உள்தேர்வில் 50-க்கு 19 வாங்கினேன்.

மதிப்பெண் போகட்டும், அடுத்த முறை ஏற்றிக்கொள்ளலாம். என்னை உறுத்துவது 4 வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பு. பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்த கிடங்கு முழுவதும் எரிந்துவிட்டது. பாலிசி ஒரு பெரியவரின் சொந்தப் பெயரில். இழப்பை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கை வந்தபோது, கொள்முதல் பில் அத்தனையும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பெயரில் இருந்தது. தனி வியாபாரமாக இருந்ததை இடையில் கம்பெனியாக மாற்றியிருக்கிறார். பங்குகள் முழுக்க அவருடையவை. பாலிசியை மட்டும் பழைய பெயரிலேயே வருடா வருடம் புதுப்பித்து வந்திருக்கிறார். கிளைம் மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தை டைப் செய்தது நான். "காப்பீட்டு நலன் இல்லாமையால்", அதாவது எரிந்த பொருளோடு அவருக்குக் காப்பீடு எடுக்கத் தகுந்த தொடர்பு இல்லை, என்ற வரியை ஒரு பழைய கடிதத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "கம்பெனியும் நான்தானேம்மா. எரிஞ்சது என் சரக்கு இல்லைன்னா வேற யாரோடது? கம்பெனி பேர்ல பாலிசி இல்ல, அதுக்கும் தரமாட்டீங்க. அப்ப இந்த நஷ்டம் யாருக்குமே வரலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பாலிசியில் ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினேன். நான் சட்டம் படிக்கச் சேர்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

என் கேள்வி இரண்டு. அவர் கேட்டதற்குச் சட்டத்தில் உண்மையான பதில் என்ன? காப்பீட்டு நலனுக்கு விளக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், அவருக்குச் சொல்லும்படி எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது, ப்ராக்ஸிமேட் காஸ், அதாவது அண்மைக் காரணம்: பல காரணங்களில் எதை இழப்புக்குக் காரணமாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது. தேர்வில் நான் சறுக்கிய கேள்வி இது: அ என்பவரின் கிடங்கில் தீ. தீயணைப்புத் தண்ணீரில் பாதிச் சரக்கு நனைந்தது. குழப்பத்தில் சிலர் உள்ளே புகுந்து கொஞ்சம் சரக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தீயில் பலவீனமான சுவர், 5 நாள் கழித்துப் பலத்த காற்றில் சாய்ந்து மிச்சச் சரக்கை நசுக்கியது. பாலிசியில் தீ உண்டு; திருட்டும் புயலும் விலக்கு. எது கிடைக்கும், எது கிடைக்காது?

இரவுப்படிப்பு:

அக்கா, நானும் இதே தாள்தான். காப்பீட்டின் ஆறு அடிப்படைக் கோட்பாட்டையும் ஆறு அட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம், இரண்டு வழக்கு என்று மனப்பாடம் செய்தேன். பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்டதைப் படித்ததும் என் அட்டைகளில் பதிலைத் தேடினேன், இல்லை. நானும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.

பழைய கோப்பு:

அம்மா, வணக்கம். நான் 30 ஆண்டுக்கு மேல் காப்பீட்டு வழக்குகள் நடத்தியவன். இரு பக்கத்துக்கும் வாதாடியிருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன கதை ஏறத்தாழ அப்படியே 1925-இல் இங்கிலாந்தின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. மக்காரா எதிர் நார்தர்ன் அஷ்யூரன்ஸ். அயர்லாந்தில் ஒரு எஸ்டேட்காரர் தன் மரங்களை ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனியின் பங்குகள் எல்லாம் அவர் கையில்தான். அது போதாதென்று கம்பெனி அவருக்குப் பெருந்தொகை கடனும் பட்டிருந்தது. வெட்டிய மரத்துக்குத் தன் சொந்தப் பெயரில் தீ பாலிசி எடுத்தார். மரம் எரிந்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்பெனி தனி நபர், மரம் அதன் சொத்து, பங்குதாரருக்கு உள்ளது பங்கு மட்டுமே, மரத்தில் சட்டம் ஏற்கும் உரிமை எதுவும் இல்லை என்றார்கள்.

ஆக, அந்தப் பெரியவரின் கேள்விக்கு அந்தத் தீர்ப்பு தரும் பதில்: நஷ்டம் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி காப்பீடு எடுக்கவில்லை. காப்பீடு எடுத்தவருக்கு, சட்டத்தின் கண்ணில், அந்தச் சரக்கில் நஷ்டம் வரவில்லை. ஒரே மனிதர் இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டார். பாலிசி ஒரு சட்டைப் பையில், சரக்கு இன்னொரு சட்டைப் பையில் இருந்துவிட்டது. கம்பெனி கடனில் மூழ்கினால் அந்தச் சரக்கு கடன்காரர்களுக்குத்தான் முதலில் போகும், அவருடைய சொந்த வீடு தப்பும். அந்தப் பாதுகாப்புக்காகத்தானே கம்பெனி ஆக்கினார்? அதே சுவர் இங்கே அவருக்கு எதிராக நிற்கிறது. இதைச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருப்பாரோ என்னவோ, புரிந்துகொண்டிருப்பார்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிப் படிப்புதான். நான் மக்காராவை ஏற்கிறவன் இல்லை. கனடாவின் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. 1987-இல் காஸ்மோபௌலோஸ் வழக்கு. தோல் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் கம்பெனியின் ஒரே பங்குதாரர். பாலிசி அவர் பெயரில். பக்கத்துக் கட்டடத்தில் பிடித்த தீயால் சேதம். கட்டுங்கள் என்றது நீதிமன்றம். அது கையில் எடுத்த சிந்தனை 1806-ஆம் ஆண்டு லூசினா எதிர் கிராஃபர்ட் வழக்கிலேயே கிடந்தது. அந்த ஒரே வழக்கில் இரண்டு நீதிபதிகள் இரண்டு பாதை போட்டார்கள். லார்ட் எல்டன், பொருளின் மேல் சட்ட உரிமை வேண்டும் என்றார். நீதிபதி லாரன்ஸ், பொருள் இருந்தால் உனக்கு நன்மை, அழிந்தால் உனக்குக் கேடு, அந்த உறவு போதும் என்றார். இங்கிலாந்து எல்டன் பின்னால் போனது, கனடா 180 ஆண்டு கழித்து லாரன்ஸிடம் திரும்பியது. ஆஸ்திரேலியா 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே, பணநஷ்டம் ஏற்பட்டிருந்தால் சட்ட உரிமை இல்லை என்ற காரணத்தை மட்டும் காட்டித் தப்ப முடியாது என்று எழுதிவிட்டது.

இந்த நலன் எதற்காகக் கேட்கப்படுகிறது என்று யோசியுங்கள். அடுத்தவன் கப்பல் மூழ்குமா என்று பந்தயம் கட்டுவதைத் தடுக்க. தன் கிடங்கு எரிந்து நிற்கிற மனிதர் எந்தப் பந்தயத்தைக் கட்டினார்? 1884-இல் ஸ்டாக் எதிர் இங்கிலிஸ் வழக்கில் நீதிபதி பிரெட் இதைத்தான் சொன்னார்: காப்பீட்டாளர் பிரீமியத்தை வாங்கிக்கொண்ட பிறகு எழுப்பும் 'நலன் இல்லை' என்ற வாதத்தை எதிர்த்து, நலன் உண்டு என்ற பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும். உங்கள் கோப்பில் பிரெட் சொன்ன இதை யாரும் எடுத்து வாதாடவில்லை என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காப்பீடு கேட்டுக் கொடுக்கும் பிரபோசல் படிவம் யார் கையால் நிரப்பப்பட்டது, புதுப்பிக்கும்போது உங்கள் ஏஜென்டுக்குக் கம்பெனியானது தெரியுமா என்று நான் முதலில் கேட்டிருப்பேன்.

கரிவாசனை:

தங்கச்சி, நான் சர்வேயர். எரிஞ்ச கிடங்குகளுக்குள்ள 22 வருஷம் நடந்தவன். இரண்டாவது கேள்வி என் பாடம், நானே சொல்றேன்.

ப்ராக்ஸிமேட் காஸ்னா "கடைசியா நடந்தது"ன்னு நினைக்கிறவங்கதான் அதிகம். அதுல இருந்து வெளியே வரணும்னா இகாரியா கப்பல் கதையை மெதுவா படிங்க. லெய்லண்ட் ஷிப்பிங் எதிர் நார்விச் யூனியன், 1918. 1915 ஜனவரியில, லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு 25 மைல் தூரத்துல ஜெர்மன் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ பட்டுது. ஓட்டையோட துறைமுகம் வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு. காத்து பலமாகி கப்பல் கரையில மோத ஆரம்பிச்சதும், இங்கேயே மூழ்கினா துறையே அடைபடும்னு அதிகாரிகள் வெளித்துறைக்கு மாத்தச் சொன்னாங்க. அங்கே கடலோட ஒவ்வொரு வத்துக்கும் தரை தட்டி, ஒவ்வொரு பெருக்குக்கும் மிதந்து, கடைசியில உள் தடுப்பு உடைஞ்சு மூழ்கிடுச்சு. பாலிசியில கடல் அபாயம் உண்டு, போர் விலக்கு. கடைசியா நடந்தது என்ன? தரை தட்டினது. ஆனா நீதிமன்றம் டார்பிடோதான் காரணம்னு சொல்லி கிளைமைத் தள்ளிடுச்சு. டார்பிடோ பட்ட நிமிஷத்துல இருந்து அந்தக் கப்பல் ஆபத்தோட பிடியை விட்டு வெளியே வரவே இல்லைங்கிறதுதான் விஷயம். காரணங்களைச் சங்கிலியா பார்க்காதே, வலையா பாருன்னு லார்ட் ஷா சொன்னதும் இந்த வழக்குலதான்.

இதோட எதிர்ப்பக்கம் 1865, மார்ஸ்டன் வழக்கு. கடைக் கண்ணாடிக்குக் காப்பீடு, தீயால உடைஞ்சா மட்டும் பணம் கிடையாது. பக்கத்துல தீ, கூட்டம் கூடிச்சு, கொள்ளையடிக்கக் கண்ணாடியை உடைச்சாங்க. தீ இல்லேன்னா கூட்டமே இல்லை, உண்மைதான். ஆனாலும் காரணம் தீ இல்லை, கூட்டத்தோட செயல்னு சொல்லி, காப்பீட்டாளர் கட்டணும்னு தீர்ப்பு. மனுஷன் தானா முடிவெடுத்துச் செய்யற புதுச் செயல் நடுவுல வந்தா கதை அங்கே முறியுது.

களத்துல நான் செய்யறது ஒண்ணுதான். நோட்டுல முதல் பக்கம் ஒரு நீளக் கோடு. புகையை முதல்ல பார்த்தது யார், எத்தனை மணி. மெயின் ஸ்விட்ச் எப்ப அணைச்சாங்க. முதல் வண்டி எப்ப வந்துச்சு. கடைசிப் பொறி எப்ப அடங்குச்சு. கூரை எப்ப விழுந்துச்சு. வாட்ச்மேன் ஒரு நேரம் சொல்வார், தீயணைப்பு அறிக்கை வேற நேரம் சொல்லும், ரெண்டையும் எழுதுவேன். அட்டைப்பெட்டியில தண்ணி ஏறின கறை தரையில இருந்து எவ்வளவு உயரம்னு அளந்து போட்டோ எடுப்பேன். நனைஞ்ச சரக்கு வேற, கருகின சரக்கு வேற, காணாத சரக்கு வேறன்னு மூணு பட்டியல். இந்தக் கோடு சரியா இருந்தா சட்டம் பாதி வேலையைத் தானே செஞ்சுடும்.

இன்னொண்ணு, பல தீ பாலிசிகள்ல, ஷார்ட் சர்க்யூட் ஆன மோட்டார் தானே எரிஞ்சா அந்த மோட்டாருக்குப் பணம் கிடையாது, அதுல இருந்து பரவின தீயால போன மத்ததுக்கு உண்டு. தீ எங்கே பிறந்துச்சுன்னு நான் மணிக்கணக்கா தரையில உட்கார்ந்து தேடறது இதுக்காகத்தான்.

உங்க தேர்வுக் கேள்விக்குப் பதிலை நான் சொல்ல மாட்டேன். கோடு போட்டு நீங்களே எழுதுங்க.

மேசைவிளக்கு:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. "நஷ்டம் கம்பெனிக்கு வந்தது" என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். பிரபோசல் படிவம் ஏஜென்ட் கையெழுத்தில்தான் இருந்தது என்பது நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது முக்கியம் என்றே எனக்கு அன்று தெரியாது. இப்போதெல்லாம் புதுப்பிக்கும் கோப்பு எது வந்தாலும், பாலிசியில் உள்ள பெயரையும் கடைசி மாதக் கொள்முதல் பில்லில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இந்த ஆண்டு மட்டும் 3 கோப்புகளில் பெயர் மாறியிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லி, கம்பெனியைச் சேர்த்து எழுதவைத்தேன்.

அண்ணா சொன்னபடி கோடு போட்டு எழுதிய விடை:

கருகிய சரக்கு: தீ, கிடைக்கும். நனைந்த சரக்கு: தண்ணீர் பாலிசியில் இல்லை, ஆனால் தீயை அணைக்கத்தான் தண்ணீர் வந்தது, தீயின் நேரான, இயல்பான விளைவு. கிடைக்கும். தூக்கிப்போன சரக்கு: மார்ஸ்டன் போல மனிதரின் புதுச் செயல், அதோடு திருட்டு விலக்கு வேறு. கிடைக்காது. சுவர்: 5 நாள் ஆகிவிட்டது, இவ்வளவு இடைவெளிக்குப் பிறகு தீயோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. காற்றுதான் காரணம். கிடைக்காது.

இன்னொரு சந்தேகம். உச்ச நன்னம்பிக்கைக்கு, அதாவது முக்கிய விவரத்தை மறைக்கக் கூடாது என்ற கோட்பாட்டுக்கு, கார்ட்டர் எதிர் போம் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாங்கள் மறுப்புக் கடிதங்களிலும் போடுவோம். அதில் காப்பீடு எடுத்தவர் எதை மறைத்ததால் தோற்றார்?

பழைய கோப்பு:

அவர் தோற்கவில்லை அம்மா. ஜெயித்தார்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கிளைம் மறுக்க அந்த வழக்கின் பெயரை எழுதுகிற பலர் அதைப் படித்ததே இல்லை. 1766, லார்ட் மேன்ஸ்ஃபீல்டின் தீர்ப்பு. சுமத்ராவில் பெங்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர். கோட்டை அந்நியப் படையிடம் போய்விட்டால் இழப்பீடு என்று லண்டனில் பாலிசி எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1760-இல் பிடித்தார்கள். கோட்டை பலவீனம் என்பதையும், பிரெஞ்சுப் படை வரக்கூடும் என்பதையும் சொல்லவில்லை என்று காப்பீட்டாளர் வாதிட்டார். காப்பீடு என்பது ஊகத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தம், அபாயத்தைக் கணிக்க வேண்டிய விவரங்கள் பெரும்பாலும் எடுப்பவரிடமே இருக்கின்றன, ஆகவே அவர் மறைக்கக் கூடாது என்ற விதியை மேன்ஸ்ஃபீல்டு அங்கேதான் வகுத்தார். அடுத்த மூச்சில் எல்லையும் போட்டார்: காப்பீட்டாளருக்குத் தெரிந்ததை, தெரிந்திருக்க வேண்டியதை, கேட்க வாய்ப்பிருந்தும் கேட்காமல் விட்டதைச் சொல்லத் தேவையில்லை. உலகத்துக்கே தெரிந்த போர். லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு ஐரோப்பிய நிலவரம் கார்ட்டரைவிட நன்றாகத் தெரியும். பிரீமியத்தை வாங்கிவிட்டு, இழப்பு வந்ததும் "நீ சொல்லவில்லை" என்பதையும் அவர் நன்னம்பிக்கைக் குறைவாகவே பார்த்தார்.

பின்னால் வந்தவர்கள் விதியை எடுத்துக்கொண்டு எல்லையை விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் 1906 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில், ஒரு முக்கிய விவரம் விடுபட்டாலும் ஒப்பந்தம் முழுவதையும் ரத்து செய்யலாம் என்று ஆனது. நுகர்வோருக்கு 2012 சட்டமும் மற்றவர்களுக்கு 2015 சட்டமும் வந்துதான் நிலைமை மாறியது. ஏமாற்றும் எண்ணமோ பொறுப்பற்ற போக்கோ இல்லாத தவறுக்கு இப்போது அளவான பரிகாரம்தான். உண்மை தெரிந்திருந்தால் 100 பிரீமியம் கேட்டிருப்பார்கள், 80-தான் வாங்கினார்கள் என்றால், இழப்பில் 80 விழுக்காடு. அந்த நிலையில் முழு மறுப்பு கிடையாது. எந்த நாட்டுச் சட்டத்தில் கடிதம் எழுதுகிறீர்களோ, அங்கே இந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாரண்டியையும், அதாவது காப்பீடு எடுப்பவர் பாலிசியில் தரும் உறுதியையும், இதோடு படியுங்கள். 1786-இல் டி ஹான் எதிர் ஹார்ட்லி. கப்பல் லிவர்பூலிலிருந்து 50 ஆட்களோடு புறப்படும் என்று உறுதி. 46 பேரோடு புறப்பட்டது. சில மணி நேரத்தில் வழியிலேயே 6 பேரை ஏற்றி 52 ஆக்கிவிட்டார்கள். பிறகு கப்பல் பறிபோனது வேறு காரணத்தால். காசு கிடைக்கவில்லை. இப்படி ஒரு விதி 200 ஆண்டுக்கு மேல் நின்றது என்பதை என்னால் இன்றும் அமைதியாகப் படிக்க முடிவதில்லை. 2015 சட்டத்தின் 10, 11-ஆம் பிரிவுகள் அதைத் தளர்த்தியிருக்கின்றன.

இரவுப்படிப்பு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. இழப்பீட்டுக் கோட்பாட்டுக்கு, அதாவது உண்மையான நஷ்டத்துக்கு மேல் கிடைக்காது என்பதற்கு, ஒரே ஒரு வழக்கு படிக்க நேரம் இருந்தால் எது?

பழைய கோப்பு:

காஸ்டெல்லெய்ன் எதிர் பிரெஸ்டன், 1883. வீட்டை 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆகிவிட்டது, கிரயம் முடியவில்லை. இடையில் தீ. காப்பீட்டாளர் 330 பவுண்டு கொடுத்தார். வாங்கியவரோ ஒப்புக்கொண்ட முழு விலையையும் கொடுத்துவிட்டார். அப்படியானால் விற்றவருக்கு என்ன நஷ்டம்? 330 பவுண்டும் திரும்பிப் போனது. சப்ரோகேஷன், அதாவது பணம் கொடுத்த காப்பீட்டாளர் காப்பீடு எடுத்தவரின் இடத்தில் நிற்கும் உரிமை, எங்கிருந்து முளைக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் தீர்ப்பிலும் பிரெட் இருக்கிறார்.

நேரம் கிடைத்தால் லிஸ்டர் எதிர் ரோம்ஃபோர்டு ஐஸ், 1957. மகன் லாரியைப் பின்னால் எடுக்கும்போது உடன் வேலை செய்த அப்பா மேல் ஏற்றிவிட்டார். முதலாளியின் காப்பீட்டாளர் அப்பாவுக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, முதலாளியின் இடத்தில் நின்று மகன் மேல் வழக்குப் போட்டு, 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஜெயித்தார். பிறகு காப்பீட்டாளர்களே, கூட்டுச்சதி போன்ற காரணம் இல்லாமல் தொழிலாளி மேல் இப்படிப் போவதில்லை என்று தமக்குள் ஒப்புக்கொண்டார்கள்.

கரிவாசனை:

தங்கச்சி, விடையில முதல் மூணும் சரி. சுவர்ல முடிவு சரியா இருக்கலாம், காரணம் தப்பு. "5 நாள் ஆச்சு, அதனால அறுந்துடுச்சு"ன்னு எழுதாதீங்க. இகாரியாவும் அன்னைக்கே மூழ்கலை, சில நாள் ஆச்சு. நாளை எண்ணி யாரும் முடிவு செய்யலை.

1876-இல காஸ்கார்த் வழக்குல உங்க சுவர் மாதிரியே ஒண்ணு. தீயில பலவீனமான சுவர், சில நாள் கழிச்சு புயல் காத்துல விழுந்துச்சு, தீ காரணம் இல்லைன்னு தீர்ப்பு. ஆனா அந்த 5 நாள்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. முட்டுக் கொடுக்கவோ இடிக்கவோ, சரக்கை நகர்த்தவோ வழி இருந்துச்சா? இருந்தும் விட்டாங்களா? இல்ல, போலீஸும் தீயணைப்பும் உள்ளே யாரையும் விடாம கயிறு கட்டி வச்சிருந்தாங்களா? அடிச்சது நல்ல சுவரையும் சாய்க்கிற காத்தா, இல்ல அந்தச் சுவர் எப்படியும் அந்த வாரம் விழுந்திருக்குமா? கயிறு கட்டியிருந்து, சாதாரணக் காத்துல விழுந்திருந்தா, நான் "தீ"ன்னுதான் அறிக்கை எழுதுவேன். கேள்வியில "பலத்த காற்று"ன்னு மட்டும் இருக்கு, மத்தது இல்லை. அதனால ரெண்டு பக்கமும் எழுதி, எந்த விவரம் கிடைச்சா எந்தப் பக்கம் போகும்னு சொல்லுங்க.

புயல் விலக்குன்னு வேற இருக்கே, அதையும் விடாதீங்க. தீயும் காத்தும் சம பலத்தோட சேர்ந்து இழப்பை உண்டாக்கினதா முடிவாச்சுன்னா, 1974 வெய்ன் டேங்க் வழக்குப்படி விலக்குதான் ஜெயிக்கும். காத்து பாலிசியில சொல்லப்படாமலே இருந்திருந்தா கதை வேற. திருத்தி எழுதி இங்கேயே போடுங்க, பார்க்கிறேன்.